துணிக் குறை பார்க்கும் கேமரா: வெளி நிறுவனத்திடம் வேலையைக் கொடுக்கும் முன்

கேள்வி: திருப்பூரில் பனியன் துணி யூனிட் நடத்துகிறேன். நிட்டிங், சாயம் இரண்டும் ஜாப்வொர்க், அதாவது கூலி கொடுத்து வெளியில் செய்து வாங்குகிறோம். செக்கிங், கட்டிங், தையல் எங்களுடையது. மாதம் சுமார் 40 டன் துணி வருகிறது. செக்கிங் மெஷின் இரண்டு, ஆட்கள் நான்கு பேர். அப்படியும் வெட்டிய பிறகு குறை தெரிந்து கழிக்கும் பீஸ் எடைக்கணக்கில் 2.5% ஆகிறது. ஏஐ கேமரா வைத்தால் குறையும் என்கிறார்கள். பெங்களூரு நிறுவனம் ஒன்று 22 லட்சம் கேட்கிறது, 98% துல்லியம் என்கிறது. கோவை நிறுவனம் ஒன்று 9 லட்சத்துக்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறது. இருவரும் பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கிறார்கள். யாரிடம் கொடுப்பது? ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்? என் அக்கா பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு எங்களோடுதான் இருக்கிறான். அவனை வைத்தே செய்துவிடலாமா?

பதில்: 22 லட்சமா, 9 லட்சமா என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள். இரண்டு விலையும் எந்த வேலைக்கு என்பதே இன்னும் எழுத்தில் வரவில்லை. நிறுவனம் தேடுவதற்கு முன் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அவர்கள் எழுதப்போகும் பரீட்சைக்கு வினாத்தாளை நீங்கள் தயாரிக்க வேண்டும். அது இல்லாவிட்டால், வேலை முடிந்ததா இல்லையா என்பதையும் வேலை செய்தவரே சொல்லுவார்.

முதலில் நஷ்டக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். 40 டன்னில் 2.5% என்றால் 1,000 கிலோ. சாயமும், துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங்கும் முடிந்த துணி கிலோ 450 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் நாலரை லட்சம். இந்த நாலரை லட்சத்தை வைத்துத்தான், போட்ட பணம் சில மாதங்களில் திரும்பிவிடும் என்று விற்பனையாளர் கணக்குக் காட்டுவார். ஆனால் கேமரா குறையைக் கண்டுபிடிக்குமே தவிர, துணியைச் சரி செய்யாது. கண்டுபிடித்த பிறகு நிட்டிங் யூனிட்டின் கணக்கில் நஷ்டத்தைக் கழிக்க டெபிட் நோட் போட முடிந்தால், அந்த இடத்தைத் தவிர்த்து வெட்டுவதற்குத் துணியை அடுக்கி லே போட முடிந்தால், கெட்ட பீஸுக்குத் தையல் கூலி போகாமல் தடுக்க முடிந்தால், அந்த அளவுக்குத்தான் மிச்சம்.

ஆகவே ஒரு மாதத்துக்குக் கழிக்கும் பீஸ் ஒவ்வொன்றையும் மூன்று கூடைகளில் போடச் சொல்லுங்கள். செக்கிங் மெஷினில் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டிய குறை, ஆனால் செக்கர் விட்டுவிட்டார்: ஒரு கூடை. செக்கர் பார்த்தார், பாஸ் ஆகிவிடும் என்று விட்டார்: இன்னொன்று. கட்டிங் டேபிளிலோ, தூக்கி வைக்கும்போதோ, தையலிலோ வந்த கறையும் ஓட்டையும் மூன்றாவது. கேமராவால் குறையக்கூடியது முதல் கூடை மட்டுமே. இரண்டாவது கூடைக்கு மருந்து, உங்களிடம் ஆடை வாங்கும் பையர் ஏற்கும் எல்லையை எழுதிச் சுவரில் ஒட்டுவது. துணிக் குறையை அளக்கும் நான்கு புள்ளி முறையில் 3 அங்குலம் வரையான குறைக்கு 1 புள்ளி, 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4. நூறு சதுர கெஜத்துக்கு இத்தனை புள்ளிக்கு மேல் போனால் ரோல் திரும்பிப் போகும் என்ற எல்லையை, பெரும்பாலும் 40 என்று வைத்திருப்பார்கள், உங்கள் பையர் எவ்வளவு வைத்திருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் செலவில்லாமல் செய்து பார்க்கலாம். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்), 72 அங்குல அகலம் என்றால் கிலோவுக்கு ஏறக்குறைய 3 மீட்டர். 40 டன் என்பது 1.2 லட்சம் மீட்டர். 26 நாளுக்கு, இரண்டு மெஷினுக்கு வகுத்தால் ஒரு மெஷினுக்கு நாளைக்கு 2,300 மீட்டர்தான். நிமிடத்துக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓட்டினாலே நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ரோல் ஏற்றி இறக்குவது, எடை போடுவது, குறித்து வைப்பது எல்லாம் சேர்த்தாலும் ஒரு ஷிப்டுக்குள் அடங்கும். இப்போது 20, 25 மீட்டரில் ஓட்டுகிறார்கள் என்றால் வேகத்தைக் குறைத்து, அரை மணிக்கு ஒரு முறை ஆளை மாற்றுங்கள். ஒரே வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டே நின்றால் அரை மணியில் கவனம் மங்கத் தொடங்கிவிடும். இதிலேயே முதல் கூடை பாதியாகக் குறைந்தால், கேமராவின் கணக்கு முழுவதும் மாறிவிடும். குறையவில்லை என்றால் உங்கள் கையில் நேர்மையான ஒரு அடிப்படை எண் இருக்கும். நிறுவனத்தோடு பேசும்போது பேச்சு அந்த எண்ணிலிருந்து தொடங்கட்டும்.

கூடவே ஒரு கேள்வி: புதிதாக நிரல் எழுதித்தான் ஆக வேண்டுமா? நிட்டிங் மெஷினுக்குள்ளேயே கேமரா பொருத்தி ஓடும்போதே குறையைப் பிடிக்கும் ஸ்மார்டெக்ஸ் போன்ற தயார் கருவிகளும், அகலத் துணியைப் பார்க்கும் ஊஸ்டர் நிறுவனத்தின் கருவிகளும் சந்தையில் இருக்கின்றன. ஊசி உடைந்தால் ரோல் முழுக்கக் கோடு விழும். அதை நிட்டிங் யூனிட்டிலேயே நிறுத்துவதுதான் பெரிய மிச்சம். ஆனால் உங்களுக்கு நிட்டிங் வெளியில் நடக்கிறது, மெஷின் உங்களுடையது அல்ல. அதனால் செக்கிங் மெஷின்மேல் கேமரா வைப்பது உங்கள் நிலைக்குப் பொருந்தும். என்றாலும் தயார் கருவி ஒன்றின் விலையையும் டெமோவையும் வாங்கிப் பாருங்கள். ஆறு மாதம் உருவாக்கும் வேலையோடு ஒப்பிட அது வேண்டும்.

இப்போது அந்த 98%. நூறு மீட்டர் துணியில் இரண்டு மீட்டரில் மட்டும் குறை இருக்கிறது என்று வையுங்கள். "எல்லாம் நல்ல துணி" என்று மட்டுமே சொல்லத் தெரிந்த ஒரு நிரல்கூட 98% சரி என்று வந்துவிடும். ஒரு குறையைக்கூட அது பிடித்திருக்காது. அதனால் துல்லியம் என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு இரண்டு எண்களைக் கேளுங்கள். உண்மையில் இருந்த குறைகளில் எத்தனையைப் பிடித்தது? நூறு மீட்டருக்கு எத்தனை முறை பொய்யாக அலாரம் அடித்தது? இரண்டையும் குறை வாரியாக, அதாவது ஓட்டை, நீடில் லைன் (ஊசிக் கோளாறால் நீளவாக்கில் விழும் கோடு), ஆயில் லைன் (எண்ணெய்க் கோடு), லைக்ரா கட் (இழுபடும் நூல் அறுந்த இடம்), டிராப் ஸ்டிச் (விட்டுப்போன பின்னல்) என்று தனித்தனியாகத் தரவேண்டும். ஓட்டையில் 99ம் நீடில் லைனில் 55ம் பிடித்த ஒன்று, சராசரியில் நன்றாகவே தெரியும்.

பொய் அலாரத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்படிப்பட்ட கருவிகள் மூலையில் முடங்குவதற்கு முக்கியக் காரணம் அதுதான். 20 மீட்டருக்கு ஒரு பொய் அலாரம் என்றால் ஒரு மெஷினுக்கு நாளைக்கு 115 தடவை நிற்கும். ஒவ்வொரு முறையும் 20 வினாடி போனால் 38 நிமிடம். இரண்டாவது வாரத்தில் ஆபரேட்டர் அலாரத்தை அணைத்துவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. நூறு மீட்டருக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்று எழுதுங்கள்.

வினாத்தாளுக்கு வருவோம். 40 ரோல் தனியாக எடுத்து வையுங்கள். வெள்ளை, நடுத்தர நிறம், கறுப்பு, நேவி, மெலாஞ்ச் (பல நிற இழை கலந்தது), லைக்ரா, ரிப் (வரி வரியாகப் பின்னியது) என்று நீங்கள் உண்மையில் ஓட்டும் விகிதத்தில் இருக்கட்டும். அவற்றில் குறைந்தது பதினைந்து ரோல் குறையில்லாததாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பொய் அலாரத்தை அளக்க முடியாது. இரண்டு செக்கர்கள் தனித்தனியாக, ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல், மெதுவாக ஓட்டி மீட்டர் எண்ணோடு எழுதட்டும். இருவரும் ஒத்துப்போகாத இடங்களை மட்டும் மூன்றாவது முறை சேர்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள். இங்கேயே ஓர் உண்மை தெரிந்துவிடும்: உங்கள் ஆட்கள் இருவருக்குள்ளேயே எது குறை என்பதில் பெரிய வித்தியாசம் இருந்தால், அவர்கள் சொல்லிக்கொடுத்துப் பழகும் மெஷினும் குழம்பத்தான் செய்யும். அதை முதலில் சரி செய்யுங்கள்.

இந்த ரோல்களில் அம்புக்குறி ஸ்டிக்கரோ சாக்பீஸ் கோடோ இருக்கவே கூடாது. குறைக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டிய படங்களை வைத்துப் பயிற்சி கொடுத்தால், மாடல், அதாவது படங்களைப் பார்த்துக் கற்கும் நிரல், குறையை விட்டுவிட்டு ஸ்டிக்கரைக் கற்றுக்கொள்ளும். டெமோவில் பிரமாதமாக வேலை செய்யும், ஷிப்டில் ஒன்றும் பிடிக்காது. நிட் துணி இழுபடும் என்பதால் மீட்டர் எண்ணில் அரை மீட்டர் முன்பின்னை ஏற்றுக்கொள்ளலாம். ரோலைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் புதுக் கறையும் சுருக்கமும் சேரும். பரீட்சைக்கு இரண்டு முறைக்கு மேல் பயன்படுத்தாமல், பாலிதீன் சுற்றி வையுங்கள். எந்த நிறுவனத்துக்கும் இந்த ரோல்களின் படத்தையோ குறிப்பையோ முன்கூட்டிக் காட்டாதீர்கள்.

குறைகளின் எண்ணிக்கையும் முக்கியம். 30 குறை இருந்து முப்பதையும் பிடித்துவிட்டாலும், உண்மையான தவறவிடும் விகிதம் 10% வரை இருக்க வாய்ப்புண்டு. தவறே நடக்காத சோதனையில் 3ஐ எண்ணிக்கையால் வகுத்தால் வருவது, 95% நம்பகத்தில் அதிகபட்ச எல்லை. 300 குறையைப் பிடித்தால்தான் ஒரு சதவீதத்துக்குள் என்று சொல்ல முடியும். உங்களுக்கு அதிகம் நஷ்டம் தரும் இரண்டு மூன்று வகைகளிலாவது நூற்றுக்கு மேல் சேருங்கள்.

நிறுவனங்கள் தங்கள் படங்களில் காட்டும் எண்ணை ஏன் நம்பக்கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. ஒரே ரோலின் பக்கத்துப் பக்கத்துப் படங்களைப் பாதி பயிற்சிக்கும் பாதி சோதனைக்கும் பிரித்தால், ஒரே நீடில் லைன் இரண்டு பக்கமும் வந்துவிடும். பார்த்த கேள்வியே பரீட்சையில் வந்தது போல. பிரிப்பது ரோல் வாரியாகவும் தேதி வாரியாகவும் இருக்கவேண்டும். "எப்படிப் பிரித்தீர்கள்?" என்று கேளுங்கள். தடுமாறாமல் பதில் வருகிறதா பாருங்கள். பொதுவில் கிடைக்கும் எம்விடெக் ஏடி போன்ற படத்தொகுப்பில் வந்த மதிப்பெண்ணைக் காட்டினால் அதையும் ஒதுக்குங்கள். அதில் கம்பளம், தோல், மரம் எல்லாம் இருக்கிறது, சிங்கிள் ஜெர்சி என்ற பனியன் துணி இல்லை. அதன் உரிமமும் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி தருவதில்லை.

விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி கேமராவிலும் விளக்கிலும் இருக்கும். 9 லட்சக் கோட்டேஷனில் என்ன கேமரா என்று பாருங்கள். 1,920 பிக்சல் அகலமுள்ள சாதாரணக் கேமரா ஒன்றை 1.8 மீட்டர் துணிக்கு வைத்தால், ஒரு பிக்சல் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். 24 கேஜ் துணியில், அதாவது அங்குலத்துக்கு 24 ஊசி உள்ள மெஷினில் பின்னியதில், ஒரு லூப்பின் (பின்னல் வளையத்தின்) அகலமே அதைவிடக் குறைவு. படத்தில் இல்லாத நீடில் லைனை எந்த ஏஐயாலும் கண்டுபிடிக்க முடியாது. துணியை வரி வரியாகப் படம் எடுக்கும் 8,192 பிக்சல் லைன் ஸ்கேன் கேமரா என்றால் பிக்சலுக்கு 0.22 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 20 மீட்டர் ஓட்டத்தில் வினாடிக்கு 1,500 வரி எடுக்கவேண்டும். அதற்குத் தகுந்த விளக்கும், துணி ஓட்டத்தை அளக்கும் என்கோடரும் வேண்டும். ஓட்டைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம், நீடில் லைனுக்குச் சாய்ந்த வெளிச்சம், கறைக்கு முன்வெளிச்சம். ஒரே விளக்கில் மூன்றும் தெரியாது. பஞ்சுத் தூசு லென்ஸில் படிவதற்கு என்ன ஏற்பாடு, கரண்ட் போனால் என்ன ஆகும், குழாய் வடிவில் வரும் டியூபுலர் துணியின் மறுபக்கத்தை எப்படிப் பார்ப்பீர்கள் என்பதையும் கேளுங்கள். டியூப்பில் கேமரா மேல்பக்கத்தை மட்டும் பார்த்தால் பாதித் துணி பார்க்கப்படாமல் போகும்.

இருவருக்கும் ஒரே தாளை அனுப்புங்கள்: துணி வகைகள், குறை வகைகள், ஓட்ட வேகம், ஒவ்வொரு வகையிலும் எதிர்பார்க்கும் பிடிப்பு, பொய் அலாரத்தின் எல்லை, மேலே சொன்ன பரீட்சை. கேமரா, விளக்கு, கணினி, படங்களில் குறை குறிக்கும் கூலி, பொருத்துதல், ஆண்டுப் பராமரிப்பு, புதுத் துணி வகை வந்தால் மறுபயிற்சிக் கட்டணம், 18% ஜிஎஸ்டி எல்லாவற்றையும் தனித்தனி வரியில் கேளுங்கள். படம் குறிக்கும் வேலை யாருடையது என்பது இரண்டு கோட்டேஷனிலும் விட்டுப்போயிருக்கும். கடைசியில் அது உங்கள் செக்கர்கள் தலையில் விழும்.

நேரில் பேசும்போது ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: எந்தத் துணியில், எந்தக் குறையில் இது வேலை செய்யாது? மெலாஞ்ச் கஷ்டம், பிரிண்ட் முடியாது, லேசான பட்டை தெரியாது என்று விவரம் சொல்பவரை நம்பலாம். எல்லாம் செய்யலாம் என்பவரிடம் கவனமாக இருங்கள். விற்க வந்தவரே வேலை செய்யப்போவதில்லை, ஆகவே வேலை செய்யப்போகும் இரண்டு பேரின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு இடத்துக்குப் போய், முதலாளியிடம் பேசுவதோடு நிற்காமல், மெஷின் முன்னால் நிற்பவரிடமும் பேசுங்கள்.

பிறகு இருவரில் ஒருவருக்கு, முடிந்தால் இருவருக்குமே, ஒரு மெஷின், மூன்று குறை வகை, ஆறு வாரம் என்று சின்ன வேலையைப் பணம் கொடுத்தே கொடுங்கள். இலவசமாகச் செய்து தருகிறோம் என்றால் வேண்டாம். இலவச வேலைக்கு நல்ல ஆள் வரமாட்டார், பரீட்சை வைக்கவும் உங்களுக்கு உரிமை இருக்காது. அதில் தேறுபவருக்கே முழு வேலை.

ஒப்பந்தத்தில் பலர் இடறுவது உரிமையில். பணம் கொடுத்தால் நிரல் நமக்குச் சொந்தம் என்று நினைப்பது தவறு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, உங்கள் ஊழியர் அல்லாத வெளியாள் எழுதிய நிரல் எழுதியவருக்கே சொந்தம். எழுத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் உங்களுக்கு வரும். 19ஆம் பிரிவில் இன்னும் நுணுக்கம் உண்டு. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றே கொள்ளப்படும். எந்த எல்லைக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். மாற்றிக்கொண்ட உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதாத பட்சத்தில், அது காலாவதியாகிவிடும். ஆகவே நிரந்தரம், உலகம் முழுக்க, பயன்படுத்தாவிட்டாலும் காலாவதி ஆகாது என்று மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். நிறுவனம் தன் பழைய பொதுக் கருவிகளைத் தர மறுப்பது நியாயம்தான். அவற்றுக்கு நிரந்தர உரிமம் வாங்கிக்கொண்டால் போதும்.

பெறவேண்டியவை: மூல நிரல், பயிற்சி பெற்ற மாடல் கோப்பு, குறித்த படங்கள் அனைத்தும், பயிற்சி கொடுக்கும் நிரல், பயன்படுத்திய மென்பொருள் தொகுப்புகளின் பட்டியல், ஒவ்வொன்றின் உரிமம். படத்தில் பொருளைக் கண்டுபிடிக்கும் மென்பொருளான அல்ட்ராலிட்டிக்ஸ் நிறுவனத்தின் யோலோ பதிப்புகள் ஏஜிபிஎல் 3.0 என்ற திறந்த மூல உரிமத்தில் வருகின்றன. மூல நிரலைத் திறந்து தராமல் விற்கவேண்டும் என்றால் அவர்களிடம் வணிக உரிமம் வாங்கியிருக்க வேண்டும். நிரலைத் தரமாட்டோம் என்று சொல்லிக்கொண்டே அதைப் பயன்படுத்துகிறார்களா என்று பாருங்கள். கொடுத்ததெல்லாம் முழுமையா என்று அறிய ஒரே வழி, புதுக் கணினி ஒன்றில் அவர்கள் கை படாமல் அந்தக் கோப்புகளை மட்டும் வைத்து மறுபடி பயிற்சி கொடுத்து, அதே மதிப்பெண் வருகிறதா என்று பார்ப்பது. கிளவுட் கணக்கு இருந்தால் உங்கள் நிறுவனப் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் திறக்கவேண்டும்.

படங்களைப் பற்றியும் எழுதுங்கள். பையரின் அடுத்த சீசன் பிரிண்ட் உங்கள் கேமரா வழியாக வெளியே போனால், பையரோடு போட்ட ரகசிய ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள்தான். கேமரா நிறுவனம் உங்கள் படத்தை வேறு வாடிக்கையாளருக்குப் பயன்படுத்தக்கூடாது, துணை ஒப்பந்தக்காரருக்கு உங்கள் எழுத்து அனுமதி இல்லாமல் கொடுக்கக்கூடாது. ஆபரேட்டரின் முகமோ பெயரோ பதிவானால் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அதில் பொறுப்பு உங்கள்மேல், வெளி நிறுவனத்தின்மேல் அல்ல. கேமரா துணியை மட்டும் பார்க்கும்படி வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

பாதி முன்பணம் கொடுக்காதீர்கள். தொடக்கத்தில் 20%, கருவி பொருத்திப் படங்கள் குறித்து முடிந்ததும் 20%, மறைத்து வைத்த ரோல் பரீட்சையில் தேறியதும் 30%, இரண்டு மாதம் உண்மையான ஷிப்டில் அதே அளவு ஓடியதும் 20%, ஆறு மாதம் கழித்து 10%. கேமரா வாங்கும் பணத்துக்கு அவர்கள் சிரமப்பட்டால், கேமராவை நீங்களே உங்கள் பெயரில் வாங்கிக் கொடுங்கள். அவர்கள் அரசின் உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனம் என்றால் 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ வளர்ச்சிச் சட்டப்படி வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்த முடியாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வேலையைப் பெற்ற 15 நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். போனில் சொன்னது எடுபடாது. ஒவ்வொரு கட்டத்திலும் பரீட்சை முடிவை மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

அக்கா மகனை வைத்தே முழுவதையும் செய்யலாமா என்று கேட்டீர்கள். லைன் ஸ்கேன் கேமராவும் வெளிச்சமும் படிப்பில் வராத வேலை, ஒற்றை ஆளாக அதில் இறங்கினால் ஒரு வருடம் போய்விடும். ஆனால் இந்த வேலையில் உங்கள் பக்கத்து ஆள் அவர்தான், அவரை விட்டுவிட்டு எந்த நிறுவனத்தையும் எடுக்காதீர்கள். 40 ரோலும் மீட்டர் குறிப்பும் அவர் பொறுப்பில் இருக்கட்டும். வாரம் ஒரு நாள் நிறுவனத்தாரோடு உட்கார்ந்து, அந்த வாரம் தவறவிட்ட குறைகளைப் படமாகப் பார்க்கட்டும். நிரலும் கடவுச்சொல்லும் அவர் கைக்கு வரட்டும். புதுக் கணினியில் மறுபடி பயிற்சி கொடுத்துப் பார்க்கும் சோதனையையும் அவரே செய்யட்டும். அடுத்த சீசனில் புது நிறம், புது நூல் வரும்போது பிடிப்பு விகிதம் இறங்கும், இது எல்லா மாடலுக்கும் நடப்பது. அப்போது புதிதாக 200, 300 படம் குறித்து மறுபயிற்சி கொடுக்க, ஒவ்வொரு முறையும் பெங்களூருக்கோ கோவைக்கோ போன் போடவேண்டியிராது. மூன்று கூடைக் கணக்கை இந்த மாதமே அவரிடம் ஒப்படையுங்கள்.